மரச்சொம்பு உள்ளே குடைய எந்த உளி வாங்கலாம்?

கடைசல்கத்துக்குட்டி, சூரமங்கலம்

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் மர லேத்தை (கடைசல் இயந்திரத்தை) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 12 அங்குல விட்டம் வரை சுற்றும், ஒரு ஹெச்பி மோட்டார், கட்டையைக் கவ்விப் பிடிக்க நான்கு தாடை சக். இதுவரை பூரிக்கட்டை, குங்குமச் சிமிழ், கிண்ணம், பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஒரு செட் சொப்புச் சாமான், இவ்வளவுதான் கடைந்திருக்கிறேன். கிண்ணம் வரைக்கும் ஒரு பௌல் கௌஜ் (கிண்ணம் குடையும் குழிந்த உளி) போதுமானதாக இருந்தது.

இப்போது ஆசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. எங்கள் பாட்டி வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. தோள் உருண்டு, கழுத்து ஒடுங்கி, வாய் லேசாக விரிந்த பழைய வடிவம். அதையே கொஞ்சம் பெரிதாக மரத்தில் செய்ய வேண்டும். வயிறு 170 மி.மீ., உள் ஆழம் 190 மி.மீ., வாய் 45 மி.மீ. வாயை நான்தான் சின்னதாக்கினேன், அப்படி இருந்தால்தான் அழகு என்று பட்டது. மரம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சித்தப்பா தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக். இரண்டு துண்டு கொண்டுவந்தேன். இன்னும் நிறைய அங்கே கிடக்கிறது.

போன ஞாயிறு முதல் துண்டைக் குடைந்தேன். ஆன்லைனில் வாங்கிய ஸ்வான் நெக் உளி, அதாவது அன்னக் கழுத்து மாதிரி வளைந்தது, 12 மி.மீ. தண்டு, நுனியில் மிகக் கடினமான கார்பைடில் சின்ன வட்ட வில்லை. நூறு மி.மீ. ஆழம் வரைக்கும் சரியாகத்தான் போனது. அப்புறம் உள்ளே டர்ர்ர் என்று ஒரு சத்தம், கையெல்லாம் அதிர்ந்தது. சரி இன்னும் கொஞ்சம்தானே என்று தள்ளினேன். ஒரே கவ்வு, உளி நுனி மரத்தில் சிக்கிக்கொண்டது. கைப்பிடி என் கையிலேயே அரைச் சுற்று முறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டது, கழுத்து பிளந்து ஒரு சில்லு வந்து முகக் கவசத்தில் அடித்தது. கவசம் போட்டிருந்ததால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. தண்டின் வளைவு முன்பு இருந்த மாதிரி இல்லை, லேசாகக் கோணியிருக்கிறது.

என் கேள்வி இதுதான். இதைவிட நல்ல கம்பெனி ஸ்வான் நெக் செட் வாங்கலாமா? இல்லை, கார்பைடு வேண்டாம் என்று எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) முனைக்குப் போகலாமா? இல்லை, வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்களே, தண்டைச் சட்டத்துக்குள் சிறைவைத்து, உள்ளே நுனி எங்கே இருக்கிறது என்று காட்ட மேலே லேசர் புள்ளி விழுகிற மாதிரி ஒரு அமைப்பு, அதற்கே பணம் சேர்க்கலாமா? டியூட்டியோடு பார்த்தால் லேத் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வருகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.


கட்டில்கால், தாரமங்கலம்

தம்பி, முதலில் ஒரு வாரம் லேத் பக்கம் போகாதீர்கள். மணிக்கட்டு வலியோடு உளி பிடித்தால் பிடி தளரும், அடுத்த கவ்வுக்கு அதுவே காரணமாகும்.

நான் கடைசல் பட்டறைக்காரன். கட்டில் கால், ஊஞ்சல் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கால் என்று முப்பது வருஷமாகக் கடைகிறேன். குடைகிற வேலை எங்களுக்கு அதிகம் வராது, ஆனால் அப்பா காலத்தில் மரக்குடுவை, சுண்ணாம்பு டப்பி எல்லாம் குடைவார்கள். அதற்கு அப்பாவிடம் ஒரு கொக்கி உளி இருந்தது. லாரி பட்டை ஸ்பிரிங்கை வெட்டி, உலையில் சிவக்கவைத்து, நுனியை மோதிரம் மாதிரி சுருட்டி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் விளிம்பு வைத்தது. பச்சை மரத்தில் அதை விட்டால் தூள் வராது, ரிப்பன் ரிப்பனாகச் சுருள்தான் வரும். உங்கள் சொம்பு நீளவாக்கு மரம்தானே, அதாவது ரேகை வாயிலிருந்து அடிக்கு ஓடுகிறது. அடியில் நீங்கள் வெட்டுவது நார்களின் தலையை. ஸ்கிரேப்பர் மாதிரி சுரண்டினால் அந்த இடம் பிய்ந்து பிய்ந்து வரும். கொக்கி உளி சீவும். நடுவில் ஆரம்பித்து வெளிச்சுவரை நோக்கி இழுக்க வேண்டும். கிண்ணத்தில் விளிம்பிலிருந்து நடுவுக்கு வருவீர்கள் இல்லையா, இதில் அதற்கு நேர் எதிர். நிறைய பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஆனால் கொக்கி உளி வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது கொஞ்சம் அதிகமாகக் கடித்தால் நீங்கள் பார்த்த கவ்வு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஸ்பிரிங் பட்டை சாணையில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், எச்.எஸ்.எஸ். மாதிரி சூட்டைத் தாங்காது. அப்பா தண்ணீர்த் தொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டுத்தான் தீட்டுவார். நான் அதை எடுத்து ஐந்து வருஷம் ஆகிறது, ஆணியில் தொங்குகிறது.

இன்னொன்று. அந்த டர்ர்ர் வந்த நொடியே உளியை வெளியே எடுத்திருக்க வேண்டும். லேத் பேசும் தம்பி. அதற்கு மேல் அதனால் சொல்ல முடியாது.


மைக்ரோமீட்டர், கொண்டலாம்பட்டி

நான் இரும்பு லேத் ஆள், மரம் எனக்குப் பொழுதுபோக்கு. மேலே அண்ணன் சொன்னதற்கு மறுப்பு இல்லை, ஆனால் உங்கள் கேள்வியே முனையைப் பற்றியதாக இருக்கிறது. தப்பு முனையில் இல்லை, தண்டில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். டூல் ரெஸ்ட்டுக்கு (உளியைத் தாங்கும் தாங்கிக்கு) அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கு ஒரு பழைய விதி உண்டு. நீட்டல் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. தண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் வளைவு பதினாறில் ஒன்று. நீங்கள் கிண்ணம் கடையும்போது ரெஸ்ட்டுக்கு வெளியே 60 மி.மீ. நீட்டியிருப்பீர்கள். சொம்பின் அடியைத் தொட ரெஸ்ட் இடைவெளியையும் சேர்த்து 210 மி.மீ. நீட்ட வேண்டும். அதே தண்டு, அதே வெட்டு, ஆனால் வளைவு ஏறத்தாழ 43 மடங்கு. அந்த நுனியில் வைரக்கல்லே வைத்தாலும் அது டர்ர்ர் என்றுதான் சொல்லும். 12 மி.மீ. தண்டுக்குப் பதில் 20 மி.மீ. போடுங்கள், அதே நீட்டலில் வளைவு எட்டில் ஒன்றை ஒட்டி இறங்கிவிடும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். விலை உயர்ந்த கடினப்படுத்திய அலாய் ஸ்டீல் தண்டு என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். வளையாமல் நிற்கும் குணம் எல்லா ஸ்டீலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடினப்படுத்தினால் நிரந்தரமாகக் கோணாமல் தாங்கும், ஸ்பிரிங் மாதிரி ஆடுவது குறையாது. ஆட்டத்தைக் குறைக்கத் தடிமன் ஒன்றுதான் வழி. அதனால் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஏதாவது இரும்புக் கடையில் 20 மி.மீ. ஈ.என்.8 பிரைட் பார் (வழவழப்பான உருட்டு ஸ்டீல் கம்பி) அரை மீட்டர் வெட்டி வாங்குங்கள். எடைக்குத்தான் விலை போடுவார்கள்.

செய்முறை நான் செய்த மாதிரியே சொல்கிறேன். தண்டின் ஒரு முனையில் நேராக 6 மி.மீ. ஓட்டை, மறு முனையில் 45 டிகிரி சாய்வாக ஒரு ஓட்டை. இரண்டிலும் 6 மி.மீ. உருளை எச்.எஸ்.எஸ். பிட் (வெட்டும் முனை) நுழையும், மேலிருந்து எம்5 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) போட்டு இறுக்கலாம். பிட்டின் வெட்டும் முகம் தண்டின் நடுக்கோட்டு உயரத்திலேயே வருகிற மாதிரி தீட்டுங்கள், மேலே தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. பிட் வெளியே 10 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம். கைப்பிடிக்கு முக்கால் அங்குல ஜி.ஐ. பைப் அரை மீட்டர், அதன் உள்ளே 20 மி.மீ. தண்டு கொஞ்சம் லூசாகப் போய் உட்காரும். பைப் சுவர் மெல்லியது, நேராகத் தட்டினால் மரை நிற்காது, அதனால் இரண்டு நட்டை வெளியே வெல்டு வைத்து அது வழியாக போல்ட் இறுக்குங்கள். தண்டைத் திருப்பிப் போட்டால் மறு முனை தயார், ஒரே தண்டில் இரண்டு உளி. மிச்சப் பைப்புக்குள் உலர்ந்த மணலைக் கொட்டி அடைத்தால் அதிர்வு நன்றாக அமுங்கும். மேலே சைக்கிள் டியூப்.

சட்டத்துக்குள் சிறைவைக்கும் அமைப்பு நல்ல விஷயம்தான், முறுக்கு கைக்கு வராது. ஆனால் அதற்கு நீண்ட பெட் (லேத்தின் அடித் தண்டவாளம்) வேண்டும், கனமான லேத் வேண்டும். உங்கள் லேத்தின் கால் ஸ்டாண்டில் முதலில் இரண்டு மணல் மூட்டை போடுங்கள், அதுவே பாதி வித்தியாசம் காட்டும். லேசர் எல்லாம் பத்துச் சொம்பு உடைத்த பிறகு.


நுனிமட்டும், ஐந்து ரோடு

கார்பைடை ஏன் எல்லாரும் கழுவி ஊற்றுகிறீர்கள் என்று தெரியவில்லை. வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஒரு மணி நேரம் கடைகிற ஆளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. வட்ட இன்செர்ட் (நுனியில் மாட்டும் கார்பைடு வில்லை), மழுங்கினால் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பு, வேலையைப் பார். வேப்ப மரம், புளிய மரம் மாதிரி காய்ந்து இறுகின கட்டையில் எச்.எஸ்.எஸ். பத்து நிமிஷத்தில் தேய்ந்துபோகும், கார்பைடு நின்று வெட்டும்.

தட்டையான இன்செர்ட் தலைநாரைப் பிய்க்கும், ஒப்புக்கொள்கிறேன். மேல்முகம் கிண்ணம் மாதிரி குழிந்த இன்செர்ட் தனியாக வருகிறது, அது சீவிக்கொண்டு போகும். அதைத் தட்டையாகப் பிடித்தால் செத்தீர்கள், வெட்டும் பக்கமாகத் தண்டை 45 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். மைக்ரோமீட்டர் அண்ணன் சொன்ன தடித் தண்டின் முனையிலேயே அதையும் மாட்டலாமே.


மைக்ரோமீட்டர், கொண்டலாம்பட்டி

மாட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் பச்சை சில்வர் ஓக்குக்கு அது தேவையே இல்லை. எச்.எஸ்.எஸ். பிட் சாதாரண வெள்ளைச் சாணைக்கல்லில் அரை நிமிஷத்தில் தீட்டி வந்துவிடும். அந்தக் கல்லில் கார்பைடை வைத்தால் கல்தான் தேயும், அதற்குப் பச்சைக் கல்லோ வைரச் சக்கரமோ வேண்டும்.


மிளகுக்கொடி, செம்மடுவு

நான் உளி பற்றிச் சொல்ல வரவில்லை. ஆனால் மரத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

தம்பி, உங்கள் சித்தப்பா தோட்டத்து மரத்தை எப்படிக் கொண்டுபோனீர்கள்? உருட்டுக் கட்டையாகவா? எங்கள் ஏற்காட்டுத் தோட்டத்திலும் காபிக்கு நிழல் சில்வர் ஓக்தான், மிளகு ஏறி நிற்கும். அது விழுந்தால் கடைசலுக்கு எடுப்பது நானும் என் வீட்டுக்காரரும். முதல் வருஷம் பத்துத் துண்டை வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே சேலம் அஸ்தம்பட்டியில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் போட்டு வைத்தோம். ஏப்ரல் மாதம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒன்பது துண்டில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு. மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியில் கிடந்த மரம், 280 மீட்டருக்கு இறங்கி நேரே வெயிலில் விழுந்தால் வேறு என்ன செய்யும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரம் 16 சதவீதம் ஈரத்தோடு நிம்மதியாக இருக்கும், காற்று 40 சதவீதத்துக்கு வந்தால் மரம் எட்டுக்கு இறங்க வேண்டும். வெளித்தோல் இறங்கிவிடுகிறது, உள்ளே இறங்கவில்லை, நடுவில் கிழிகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கட்டையை நட்டநடுவில் பிளந்து, அந்த நடு நெஞ்சு (வளையங்களின் மையம்) உங்கள் சொம்பில் எங்கேயும் வராத மாதிரி எடுங்கள். 170 மி.மீ. சொம்புக்கு 400 மி.மீ. விட்டமாவது இருக்கிற அடிமரம் வேண்டும், நாகலூரில் கிடைக்காமல் போகாது. வெட்டிய அன்றே இரண்டு தலையிலும் மெழுகு உருக்கிப் பூசுங்கள், இல்லையென்றால் மிச்சம் கிடக்கும் பெயின்ட்டையாவது. ஜூன் ஜூலையில் மலையில் அப்படியே பட்டையோடு போட்டு வைத்தால் கருநீலக் கறை ஏறும். சிலர் அதையே அழகு என்கிறார்கள், எனக்கு அழுக்காகத்தான் தெரிகிறது.

அப்புறம் இரண்டு தடவை கடைய வேண்டும். பச்சையாக இருக்கும்போதே முதல் தடவை. சுவர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விடுங்கள், உங்களுக்கு 17 மி.மீ. அதைச் சிமென்ட் மூட்டைக் காகிதப் பையில் போட்டு, கடைந்த சுருளையே மேலே கொட்டி, காற்று நேராக அடிக்காத மூலையில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை. எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டாவது கடைசல். அதாவது உங்களுக்கு உளி இரண்டு வேலைக்கு வேண்டும். ஒன்று ஈரக் கட்டையில் அள்ள, இன்னொன்று காய்ந்த கட்டையில் மெல்லத் தடவ.

கை முழுக்க மூடின சட்டை போட்டு, ஆனால் முழங்கையில் தொளதொளவென்று இல்லாமல், மாஸ்க் போட்டுக் கடையுங்கள். சில்வர் ஓக் தூளும் சாறும் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. எனக்கு முதல் தடவை முழங்கை வரை தடித்துச் சிவந்து பத்து நாள் அரித்தது. கையுறை மட்டும் லேத்தில் வேண்டவே வேண்டாம், சுற்றி இழுத்துவிடும்.

பழைய காபிச் செடி பிடுங்கும்போது அடிக்கட்டை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதுதான், ஆனால் சிமிழுக்கு அதைவிட நல்ல கட்டை இல்லை. ஈட்டி, சந்தனம் என்று யாராவது கிசுகிசுத்தால் காகிதம் எங்கே என்று கேளுங்கள்.


கடைசல்கத்துக்குட்டி, சூரமங்கலம்

அக்கா, உருட்டுக் கட்டையாகத்தான் கொண்டுவந்தேன். இப்போது போய்ப் பார்த்தேன். இரண்டாவது துண்டிலும் நடுவிலிருந்து ஒரு நட்சத்திரம் விரிந்திருக்கிறது. அது அடுப்புக்குத்தான்.

மைக்ரோமீட்டர் அண்ணா, தண்டு செய்யும் விஷயம் புரிகிறது, வெல்டிங் கடையில் பேசிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். நேர்த்தண்டை வாய் வழியே விட்டால் அடி வரைக்கும் போகும், தோளுக்குக் கீழே உள்பக்கம் எப்படி எட்டும்? அதற்காகத்தானே ஸ்வான் நெக் வாங்கினேன். எல்லாவற்றுக்கும் வளைந்த உளிதான் வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.


மைக்ரோமீட்டர், கொண்டலாம்பட்டி

நல்ல கேள்வி. முதல் பதிலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

வளைந்த உளி தோளுக்கு மட்டும்தான். தோள் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதாவது ரெஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே. அங்கே நீட்டல் 70, 80 மி.மீ. தாண்டாது, அதனால் 16 மி.மீ. தண்டை வளைத்தாலே போதும். ஆழத்தில் இருப்பது அடியும் கீழ்வயிறும், அங்கே நேர்த்தண்டு எட்டும். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள், மெல்லிய வளைந்த உளியை ஆழமான இடத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் 25 மி.மீ. டிரில்லால் நடுவில் ஆழம் வரைக்கும் ஓட்டை போட்டுவிடுங்கள், எங்கே நிறுத்துவது என்ற கவலை தீரும். டிரில் தண்டில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், அடியில் 20 மி.மீ.க்குக் குறையாமல் கட்டை மிச்சம் இருக்கட்டும். அப்புறம் தோள். தோளை முடித்துவிட்டு ஐம்பது மி.மீ. கீழே, அதை முடித்துவிட்டு இன்னும் ஐம்பது. கீழே கனமான கட்டை இருக்கும் வரைக்கும்தான் மேலே சுவர் ஆடாமல் நிற்கும். மொத்தமாகக் குடைந்துவிட்டு மேலே வந்து சுவரை மெலிசாக்கலாம் என்று நினைத்தால் சொம்பு மணி மாதிரி அதிரும்.

வெட்டும் நுனி சென்டருக்கு, அதாவது கட்டை சுற்றும் அச்சுக்கு, ஒரு முடி மேலே இருக்கட்டும். தண்டு கீழே வளைந்தாலும் நுனி சுவரை விட்டு விலகும், கவ்வாது. வெளிப்பக்கம் கடையும்போது இதற்கு எதிர்.

வாயை 65 ஆக்குங்கள். 45 மி.மீ. வாயில் 20 மி.மீ. தண்டு போனால் சாய்க்க இடம் எங்கே? சுருள் வெளியே வர வழி எங்கே? சின்ன ஓட்டை வழியே மெலிசான பாத்திரம் குடைகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் எல்ஸ்வொர்த் 1970களிலேயே அதற்கென்று வளைந்த உளிகளைத் தானே செய்துகொண்டு கடைந்தார். முதல் சொம்பிலேயே நமக்கு அது வேண்டாம்.


கட்டில்கால், தாரமங்கலம்

வளைந்த உளி வளைக்கும்போது ஒரு விஷயம் பாருங்கள் தம்பி. வளைவு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், வெட்டும் நுனி திரும்பி வந்து தண்டின் நேர்க்கோட்டிலேயே நிற்க வேண்டும். வீட்டில் வளைந்த பிடி உள்ள பழைய குடை இருந்தால் எடுங்கள். மடக்கின குடையை நடுவில் லேசாகப் பிடித்துக்கொண்டு, பிடியின் கொக்கி நுனியை ஒருவர் கீழே அழுத்தட்டும். குடை உங்கள் கைக்குள்ளேயே சுற்றும். அதே ஆள் மறு பக்கத்துக் கூர் முனையை அழுத்தினால் சுற்றாது, சும்மா கீழே போகும். உங்கள் கையில் அரைச் சுற்று சுற்றியதே, அது இதுதான். நீங்கள் வாங்கிய உளியின் நுனி கோட்டை விட்டு வெளியே இருந்திருக்கும். அளந்து பாருங்கள்.

அதோடு ரெஸ்ட்டில் எப்போதும் நேரான பாகம்தான் உட்கார வேண்டும். வளைவு ரெஸ்ட் மேல் வந்தால் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடிவிடுங்கள் என்று அப்பா சொல்வார், பாதி விளையாட்டுக்குத்தான்.

சுருளை அள்ளாமல் குடையாதீர்கள். நாலு வெட்டு, லேத்தை நிறுத்து, கவிழ்க்க முடியாது என்பதால் குச்சியால் கிளறு, ஊது. ஈரச் சுருள் உள்ளே அடைத்துக்கொண்டால் உளி அதன் மேல் ஏறி உட்கார்ந்து சுவரில் முட்டும். லேத் சுற்றும்போது விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும் வேலை வேண்டாம். என் பட்டறையில் ஒரு பையனுக்கு ஒரு நகம் இல்லை.


நுனிமட்டும், ஐந்து ரோடு

வேகம் என்ன வைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. வெளிப்பக்கம் கடைய, அங்குலக் கணக்கில் விட்டத்தை ஆர்பிஎம்மால் பெருக்கினால் 6,000-லிருந்து 9,000-க்குள் வரவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்கள் கட்டைக்கு 900-லிருந்து 1,300 வரை. குடையும்போது அதில் கீழ் எல்லைக்கும் கீழே வைப்பேன் நான், 600, 700.


கடைசல்கத்துக்குட்டி, சூரமங்கலம்

1,400 வைத்திருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

உளியையும் அளந்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நுனி கோட்டை விட்டு 22 மி.மீ. வெளியே நிற்கிறது. கோணியதால் அப்படியா, வாங்கும்போதே அப்படியா என்று இப்போது சொல்ல முடியாது. குடையை வைத்து வீட்டில் எல்லாருக்கும் செய்து காட்டினேன். என் பெண் அதற்கப்புறம் குடையை விடவே இல்லை.


கடைசல்கத்துக்குட்டி, சூரமங்கலம், ஐந்து வாரம் கழித்து

முடிந்ததை எழுதிவிடுகிறேன், யாராவது பின்னால் தேடி வந்தால் உதவும்.

தண்டு மைக்ரோமீட்டர் அண்ணன் சொன்னபடியே. சாய்ந்த ஓட்டை போட வெல்டிங் கடையில் இரண்டு டிரில் பிட் உடைந்தது, சரிவான இடத்தில் நேராக டிரில் வைத்தால் வழுக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. முதலில் அந்த இடத்தை அரத்தால் தட்டையாக்கிவிட்டுப் போட்டால் ஒழுங்காக இறங்குகிறது. தோளுக்கு 16 மி.மீ. தண்டு, சிவக்கவைத்து வளைத்தது. கைப்பிடியில் மணல் போட்டதும் உளி ஒரு உலக்கை மாதிரி ஆகிவிட்டது. தூக்கவே சங்கடமாக இருந்தது, ஆனால் கட்டையில் வைத்த பிறகு அந்தக் கனம்தான் வேலை செய்கிறது, நான் சும்மா திசை காட்டினால் போதும்.

மரம் இந்த முறை மலையிலேயே பிளந்து, நெஞ்சை எடுத்து, மெழுகு பூசி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையிலேயே லேத்தில் ஏற்றிவிட்டேன். வாய் 65. வேகம் 650. தோளில் முதல் முறை வளைந்த உளியை விட்டபோது கை நடுங்கியது என்னவோ உண்மை. ஒன்றும் ஆகவில்லை. சுருள் கட்டில்கால் அண்ணன் சொன்ன ரிப்பன் இல்லை, சின்னச் சின்ன ஈரத் துணுக்குகளாகத்தான் வந்தது, அதைக்கூட நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அள்ளிக்கொட்டினேன். 150 மி.மீ. ஆழத்துக்கு மேல் மறுபடி அந்தச் சத்தம் லேசாக ஆரம்பித்தது. நிறுத்தினேன். பிட்டைத் தீட்டினேன், இன்னும் மெல்லிய வெட்டாக எடுத்தேன், போய்விட்டது. அடி வரைக்கும் இறங்க மொத்தம் நாலு மணி நேரம்.

சுவர் எல்லா இடத்திலும் 17 இல்லை. ஒரு பக்கம் 15, கீழே ஒரு இடத்தில் 21. காலிபர் (தடிமன் அளக்கும் கருவி) வாய்க்குள் நுழையாததால் கம்பியை வளைத்து அளந்தேன், அதன் லட்சணம் அது. அடியில் உள்ளே கை விட்டால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிறது. இரண்டாவது கடைசலில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத்தான் நுனிமட்டும் அண்ணன் சொன்ன குழிந்த கார்பைடு ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், வீட்டில் இதையும் இன்னும் சொல்லவில்லை.

சொம்பு சிமென்ட் காகிதப் பையில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கடைந்த அன்று 1,460 கிராம். போன ஞாயிறு 1,225. இன்று காலை 1,190. வாயில் இன்னும் வெடிப்பு இல்லை.